அத்தை வீட்டு வால்வு

“அம்மா வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களாமே, ஜோலீன்? சர்ச் பொம்பளைங்க பேசிக்கிறாங்க.”

போனில் ஜோலீனின் கணவன் கர்ட். லாரியோடு வடக்கு டகோட்டாவில் எங்கோ இருந்தான்.

ஜோலீனுக்கு ஒன்றும் புரியவில்லை. கொல்லையில் நிற்பது ஒரே விறகு பாய்லர். அதில் காய்கிற தண்ணீர்தான் மண்ணுக்கடியில் குழாயில் ஓடி இவள் வீட்டையும் சூடாக்குகிறது, எதிரே அத்தை வீட்டையும் சூடாக்குகிறது. இங்கே இவளுக்கு வியர்க்கிறது. அங்கே மட்டும் எப்படிக் குளிரும்?

கர்ட்டின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். ஏழு மாத வயிற்றுக்கு அவள் கோட்டு பத்தவில்லை. பாய்லர் கதவை ஒருக்களித்துப் புகையை வெளியே விட்டாள். கங்குகளை ஒதுக்கி, சாம்பலை இரும்பு வாளியில் வாரினாள். தண்ணீர் அளவு சரி.

பின்பக்கம் பார்த்தால், அத்தை வீட்டுக் குழாயின் வால்வு ஏறக்குறைய மூடியிருந்தது.

முழுக்கத் திறந்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் மறுபடி மூடியிருந்தது. குழாய் உறைந்துபோகாத அளவுக்கு மட்டும் ஒரு கீற்றுத் திறப்பு. பனியில் பதிந்த பூட்ஸ் தடம் நேரே அத்தை வாசலுக்குப் போனது.

தானே மூடிக்கொண்டு ஊருக்கு நடுங்கிக் காட்டுகிறாரா? மருமகள் பேரைக் கெடுக்கவா? அப்படியானால் நேற்று எதற்குச் சட்டி நிறைய சூப் கொடுத்தனுப்பினார்?

கேட்டுவிடுவது என்று கிளம்பினாள்.

“அத்தை, வால்வை மூடுறது நீங்களா?”

“முதல்ல கதவைச் சாத்து. இருக்கிற சூடும் போகுது,” என்றார் வெர்னா. கோட்டு, கம்பளித் தொப்பி, மடியில் போர்வை.

“நான் உங்களைக் குளிர்ல போட்டுட்டேன்னு ஊரே பேசுது.”

“பேசட்டும். பனிக்காலத்துல அவங்களுக்கும் பொழுது போகணும்ல.”

“உங்க பையனே கேக்குறாரு அத்தை.” அவள் குரல் உடைந்தது.

“அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். இப்ப தினம் எத்தனை தடவை விறகு போடுறே?”

“காலையில ஒரு தடவைதான். நான் சாம்பல் வாருற சுத்தத்துக்கு மறுநாள் வரைக்கும் கங்கு நிக்குது.” அழுகையிலும் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

“பொறந்த வீட்டுல கத்துக்கிட்டது போல. போன மாசம்?”

“காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு...” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

வெர்னா போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

“உனக்குப் பதிலா அந்தக் கட்டைங்களைத் தூக்க எனக்குத் தெம்பில்லைம்மா. வால்வைத் திருப்பத்தான் இருக்கு.”