லேபிள் உரிக்காத பாட்டில்

பாட்டிலின் மூடியைச் சமையலறையிலேயே திறந்துவிட்டுத்தான் கிரேம் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனான். மூடியைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வெளியே கூழைக்கடாப் பறவை படம் போட்ட லேபிள், ஊர் பீர் ஆலையுடையது. உள்ளே இருந்தது கிரேம் தன் ஷெட்டில் காய்ச்சிய சரக்கு.

கடையில் வாங்கிக் குடித்த பாட்டில்களை வெந்நீரில் ஊறப்போட்டு, லேபிளை உரித்துவிட்டுத்தான் தன் பீரை நிரப்புவான். இது ஒன்றை மட்டும் லேபிளில் ஒரு சொட்டு ஈரம் படாமல் உள்ளே அலசி, நிரப்பி, இரண்டு மாதம் ஒளித்து வைத்திருந்தான்.

எல்லாம் மாமனார் ஆல்பிக்காக.

ஆல்பி அந்த ஆலையில் முப்பத்தோரு வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் மாதாமாதம் ஆலையிலிருந்து அவர் வீட்டுக்குப் பன்னிரண்டு பாட்டில் கொண்ட பெட்டி இரண்டு இலவசமாக வந்து இறங்குகிறது. வேறு பீர் அவர் தொண்டையில் இறங்காது. மாப்பிள்ளை காய்ச்சுவதை முகர்ந்துகூடப் பார்க்காமல் ‘சாக்ஸ் அலசின தண்ணி’ என்று பெயர் சூட்டியிருந்தார்.

ஆறு கிறிஸ்துமஸாக இதே கிண்டல். கூட்டம் சிரிக்கும். மனைவி நோலினும் சிரிப்பாள். கிரேமும் சிரித்துவைப்பான், பிறகு ஷெட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருப்பான்.

இந்தத் தடவை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவதென்று முடிவு கட்டியிருந்தான். லேபிளைப் பார்த்து ஏமாந்தாவது கிழவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவேண்டும். துப்பிவிட்டாரென்றால் அவ்வளவுதான், அண்டா, குழாய், மூடி அழுத்தும் கருவி எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு ரெக்ஸிடம் தூக்கிக் கொடுத்துவிட வேண்டியது.

ரெக்ஸிடம் கொடுப்பதில் நியாயமும் இருந்தது. போன குளிர்காலத்திலிருந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, விடிந்து பார்த்தால் கிரேம் வீட்டு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே பன்னிரண்டு காலி பாட்டில்கள், லேபிள் உரித்து, அலசி, தலைகீழாகக் கவிழ்த்து அடுக்கியவை. அந்தத் தெருவில் அந்த அளவுக்குக் குடிக்கிறவன் ரெக்ஸ் ஒருவன்தான். அதனால் ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் வேலிக்கு மேலே அவனுக்கு இரண்டு பாட்டில் நீட்டுவான் கிரேம். எதற்கென்று ஒரு வார்த்தை கேட்காமல் ரெக்ஸும் வாங்கிக்கொள்வான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம். ஆஸ்திரேலியாவின் டிசம்பர் கோடை, வெயில் மண்டையைப் பிளந்தது. ரேடியோவில் மெல்போர்ன் கிரிக்கெட் டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்க, மச்சான்கள் தணல் அடுப்பில் சாசேஜைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஆல்பி மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இந்தாங்க ஆல்பி, உங்க கூழைக்கடா. நல்லா ஜில்லுனு இருக்கு.”

“அப்பாடா! எங்க அந்த சாக்ஸ் தண்ணியைக் கொண்டாந்துடுவியோன்னு பயந்தே போயிட்டேன்ப்பா!”

கூட்டம் சிரித்தது.

ஆல்பி முன்னாலிருந்த மேஜையில் இரண்டு தம்ளர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பாட்டிலைச் சாய்த்து ஒன்றை நிரப்பினார்; நிமிர்த்தாமலே அடுத்ததையும் நிரப்பினார். கிரேம் அவர் கையைக் கவனிக்கவில்லை. அவர் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மிடறு போயிற்று. இன்னொரு மிடறு. ரேடியோவில் யாரோ அவுட்டானார்கள். கிழவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மேஜையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “இதான்டா பீரு! முப்பத்தோரு வருஷம் சும்மாவா பாடுபட்டேன்? எங்க ஆலைச் சரக்கை அடிச்சுக்க ஆள் கெடையாது!”

கிரேமுக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது போட்டு உடைத்துவிட வேண்டியதுதான், எல்லார் முன்னாலும். இரண்டு தம்ளரும் காலியாகட்டும் என்று காத்திருந்தான்.

காலியானதும் ஆல்பியே எழுந்தார். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு தோட்டக் குழாயடிக்கு நடந்தார். கிரேம் பின்னாலேயே ஓடினான்.

ஆல்பி பாட்டிலைக் கவிழ்த்தார். அடியில் விட்டுவைத்திருந்த விரல் உயரக் கலங்கல் புல்லில் கொட்டியது.

ஈஸ்ட் வண்டல். கடை பீரில் அது இருக்காது; கடைசிச் சொட்டு வரை ஊற்றிக் குடிக்கலாம். ஷெட்டில் காய்ச்சியதைத்தான் அடி கலங்காமல், பாட்டிலை நிமிர்த்தாமல், ஒரே சாய்ப்பில் ஊற்றி, கடைசி விரல் அளவை விட்டுவைக்க வேண்டும்.

கிழவர் முதலிலிருந்தே அப்படித்தான் ஊற்றியிருந்தார்.

ஆல்பி தண்ணீர் பிடித்து மூன்று தடவை குலுக்கி அலசினார். நகத்தால் லேபிளின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மூடி போடறதுக்கு முன்னால போடற சர்க்கரையைக் கொஞ்சம் கொறைச்சுக்கோ. நுரை தூக்கலா இருக்கு. மத்தபடி, நாங்ககூட இப்படி ஒண்ணு காய்ச்சினதில்லப்பா. வெளிய மூச்சு விட்ட, தொலைச்சுடுவேன்.”

பாட்டிலைக் குழாயடியில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, “டேய், சாசேஜ் கருகுதுடா!” என்று கத்திக்கொண்டே கூட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

கிரேம் பெட்டிக்குள் பார்த்தான். மற்றவர்கள் குடித்துப் போட்ட பாட்டில்கள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. ஆல்பி வைத்தது மட்டும், சனிக்கிழமை வாசல் கேட்டில் இருக்கும் பாட்டில்களைப் போலவே, தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

வேலிக்கு மேலே ரெக்ஸின் தலை எட்டிப் பார்த்தது.

“என்ன கிரேம், இந்தத் தடவை எனக்கு ரெண்டு பாட்டில் வரவே இல்லியே?”