மாடிப்படி அக்காவுக்குத் திமிர்

சம்பளத்தை இரண்டு மடங்காக்கிய முதலாளிக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை மாடிப்படி அக்கா.

"சரிங்க ஐயா" என்றாள். மாப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போய்விட்டாள்.

மூக்குக்கண்ணாடி பிரேம் செய்யும் கம்பெனி அது. நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. எல்லாப் படிகளையும் துடைப்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். போன திங்கட்கிழமை முதலாளி தானே கீழே இறங்கி வந்து, ஊழியர்கள் எல்லோர் முன்னாலும் வாய் நிறைய "அம்மா" என்று கூப்பிட்டு அறிவித்த உயர்வு. இத்தனைக்கும், வங்கிகள் கவிழ்ந்து பாதி ஊர் வேலையிழந்து நின்று இரண்டு வருஷம்தான் ஆகிறது.

பார்த்தவர்களுக்கு வயிறெரிந்தது. "கொழுப்பைப் பாரு" என்றாள் வரவேற்பறைப் பெண். ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று பாலிஷ் போடுபவர் பொருமினார். முதலாளி மட்டும் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டார். ஒரு வாரமாக எல்லோரும் புகழ்ந்ததில் அவருடைய கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

கணக்காளருக்கு மட்டும் உண்மை தெரியும். சொல்லவும் முடியாமல், மெல்லவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கும் அக்கா மேல் கோபம்தான். ஆனால் காரணம் வேறு. அவளுடைய சின்ன மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. மூன்று வருஷப் படிப்பு, சேர இன்றுதான் கடைசி நாள். சம்பளம் ஏறியும் அக்கா அசையவில்லை. கேட்டால் "பார்க்கலாம் சார்" என்று நழுவினாள். பெரிய மகள் ஏற்கெனவே படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் துணிக்கடையில் நிற்கிறாள். இவளையும் கொண்டுபோய் அங்கே நிறுத்தப் போகிறாளா என்று அவருக்கு ஆதங்கம்.

மத்தியானம் மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவளைப் பிடித்துவிட்டார்.

"இன்னிக்கு விட்டா இடம் போயிடும். இன்னும் என்னக்கா யோசனை?"

அக்கா துணியைப் பிழிந்தாள்.

"முதலாளி ஏன் சார் திடீர்னு இவ்வளவு ஏத்தினாரு?"

கணக்காளர் படியின் மேலும் கீழும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். ஒரு ஏழையின் நம்பிக்கையை உடைப்பது பாவம் என்று நினைக்கிற மனிதர். ஆனால் பொய்யும் வரவில்லை.

"மனசு நோகாதீங்க. அவரா கொடுக்கலை. அந்த நெருக்கடிக்கு அப்புறம் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டிருக்கு. ஒரு கம்பெனியில இருக்கறதுலயே குறைஞ்ச சம்பளம் எதுவோ, அதைவிடப் பதினஞ்சு மடங்குக்கு மேல முதலாளி சம்பளம் எடுத்துக்கக் கூடாது. இங்க குறைஞ்சது உங்களோடது. அவரோடது குறையாம இருக்கணும்னா உங்களோடது ஏறணும். அவ்வளவுதான்."

அக்கா வாளியை ஓரமாக வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழப் போகிறாள் என்று கணக்காளர் பயந்தார்.

"அப்போ நாளைக்கு அவரே நினைச்சாலும் என்னோடதைக் குறைக்க முடியாதா?"

"உங்களோடதுல ஒரு ரூபா குறைச்சா, அவரோடதுல பதினஞ்சு ரூபா குறையும். குறைப்பாரா?"

அக்கா சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து அந்தக் கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை. ஈரக் கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"உடனே கிளம்பு. போய்ச் சேர்ந்துடு. ஆமாடி, இன்னிக்கேதான்."

மகள் சந்தோஷத்தில் கத்தியது மாடிப்படி முழுக்கக் கேட்டது.

கணக்காளருக்கு ஒன்றும் புரியவில்லை. "அவர் மனசாரக் கொடுத்தார்னு நினைச்சப்போ சேர்க்கலை. இல்லைன்னு தெரிஞ்சதும் சேர்க்கறீங்களே?"

"முன்னாடி ஒரு தடவை மனசாரத்தான் சார் ஏத்தினாரு. அதை நம்பித்தான் பெரியவளைச் சேர்த்தேன். வங்கி கவிழ்ந்ததும் முதல்ல குறைச்சது எங்க சம்பளத்தைத்தான்."

அக்கா எழுந்து வாளியைத் தூக்கினாள்.

"இது மூணு வருஷப் படிப்பு சார். அவரோட நல்ல மனசு அவ்வளவு நாள் தாங்குமான்னுதான் பயந்துக்கிட்டிருந்தேன்."