முகக்கவசத்துக்குள் மூன்று சொற்கள்

ஞாபகசக்தியைச் சோதிக்கும் மருத்துவர் முகக்கவசத்துக்குள்ளிருந்தே மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்க ஐயா" என்கிறார். கணவர் பதில் சொல்லாமல் சிரிக்கிறார். காது கேட்காதவர்களின் அந்தச் சிரிப்பு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு அத்துப்படி. போன வருடம் இதே நாற்காலியில் அவளும் அப்படித்தான் சிரித்தாள்; "இவ மக்கு டாக்டர், மண்டையில ஒண்ணும் ஏறாது" என்றார் இவர். இப்போது அவள் காதில் கருவி இருக்கிறது. மூன்று சொற்களும் தெளிவாகவே விழுந்தன. ஆனாலும் வாய் திறக்கவில்லை. ஆண்டவன் பொறுத்துக்கொள்ளட்டும், இவர் இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் நெற்றி வியர்வை மினுங்குகிறது. விரல்கள் மேசை விளிம்பைத் தேய்க்கின்றன. மறதி நோய் என்று எழுத மருத்துவரின் பேனா தாளைத் தொடும்போதுதான் சொல்கிறாள்: "முகமூடிய இறக்கிட்டுச் சத்தமா கேளுங்க டாக்டர். மறதியில்ல, காதுதான்." பிறகு கணவரின் காதோரம் குனிந்து, வெளியே காத்திருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்கிறாள்: "பயப்படாதீங்க. உங்கள மக்குன்னு நான் சொல்ல மாட்டேன்."