வெறும் பீடத்துக்கு வந்த கூட்டம்

நெற்றி நிறையத் திருநீறும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமுமாகத் தங்கராஜு அந்தக் கடைவீட்டு வாசலில் பயபக்தியோடு நின்றார். கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் காலணியைக் கழற்றக் குனிந்தபோதுதான் திக்கென்றது. வேட்டிக்கு மாறியவர், ஆபீஸ் ஷூவை மாற்ற மறந்துவிட்டார்.

நல்லவேளை, அங்கே கிடந்தவையும் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூக்கள்தான். அவற்றோடு தம்முடையதையும் நைசாகத் தள்ளிவிட்டார்.

தங்கராஜு பக்தர் அல்ல, வரி இலாகா அதிகாரி. சிலையும் படமும் இல்லாமல் வெறும் மரப்பீடத்தைக் கும்பிடும் ஆகாசப்பீட சபை, தன் கட்டடத்துக்கு வரிவிலக்குக் கேட்டிருந்தது. பொதுமக்கள் வந்து வழிபடும் இடமென்றால் விலக்கு உண்டு. வரி ஏய்க்க ஒரு புதுச் சாமியா என்று சிராங்கூன் ரோடே சிரித்தது.

போன வருஷம் தஞ்சோங் பகாரில் ஒரு போலி மடத்தை நம்பிப் பரிந்துரைத்து, வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். இன்னொரு முறை ஏமாந்தால் வேலை போய்விடும் என்று பெரிய துரை சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

பக்கத்துத் துணிக்கடை நாகூர் கனியிடம் நேற்றே விசாரித்தாயிற்று. "ஆரம்பத்துல ஈ காக்கா வராது தம்பி. வரிவிலக்கு கேட்ட சேதி பேப்பர்ல வந்துச்சு பாருங்க, அதுக்கப்புறந்தான் இந்தக் கூட்டம்லா" என்று கனி உதட்டைப் பிதுக்கினார்.

அப்படியானால் இது கூலிக்குப் பிடித்த கூட்டம். தங்கராஜுவுக்குச் சந்தேகம் வலுத்தது.

உள்ளே கூடம் நிறைந்திருந்தது. பீடத்தருகே ஒல்லியான சாமியார் ஒருவர் பாட்டெடுக்க, கூட்டம் தட்டுத்தடுமாறி முணுமுணுத்தது. யாராவது முதலில் விழுந்து கும்பிடட்டும் என்று காத்திருந்து, பிறகு எல்லாரும் ஒன்றாக விழுந்தார்கள். காணிக்கைத் தட்டு சுற்றி வந்தபோது ஒவ்வொருவரும் பக்கத்து ஆளின் கையையே பார்த்தார்கள். தங்கராஜுவும் பார்த்தார்.

ஆனால் கூலிக்கு வந்தவன் பாலிஷ் போட்ட ஷூவா மாட்டிக்கொண்டு வருவான்? எல்லாம் படித்த முகம், மாதச் சம்பளக்கார முகம். இத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வெறும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதென்றால், அது பக்தி இல்லாமல் வேறென்ன? வேவு பார்க்க வந்ததை நினைத்து அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது. விலக்குக் கொடுக்கலாம் என்றே எழுதிவிடுவது எனத் தீர்மானித்தார்.

பூசை முடிந்து பிரசாதத்துக்குக் கை நீட்டினார். சாமியார் அவர் முகத்தை ஒருவித ஏக்கத்தோடு பார்த்து, காதருகே குனிந்து கேட்டார்.

"நீங்களாச்சும் சாமி கும்பிட வந்தீங்களா, இல்ல இவங்க எல்லாரையும் போல வேவு பாக்கத்தானா?"