கொதிக்கிற கார்டு

விளையாட விளையாடச் சூடேறும் கேம் கம்ப்யூட்டரின் தலையிலிருக்கும் தட்டில்தான் இப்போது வீடுகளில் சமையல். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சவரிமுத்துவுக்கு, ஞாயிறு ஒருநாளாவது உட்கார்ந்து விளையாடி ஓய்வெடுக்க ஆசை. கம்ப்யூட்டர் பாகங்களைத் தேர்ந்தெடுக்க மனைவி ரெஜினாவோடு கடைக்குப் போனான். இருப்பதிலேயே உசத்தியான கிராபிக்ஸ் கார்டைத் தடவிப் பார்த்தான்.

“இது சூடே ஆகாது அண்ணாச்சி,” என்றார் கடைக்காரர்.

“பெறவு சோறு எதுல வேகும்?” என்ற ரெஜினா, நன்றாகக் கொதிக்கிற கார்டாகப் பார்த்துப் போடச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து எதிரிப் படையை முழுக்க அழித்துவிட்டுக் கையை உதறினான். “செயிச்சாச்சு. கொஞ்சம் படுக்கேன்.”

ரெஜினா பானையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

“அரிசி அரைவேக்காடா கெடக்கு. வேற யார்கூடயாவது சண்டைக்குப் போங்க.”