மூணு நாள் போதும்

"வெண்டிலேட்டர் மூணு நாள். அதுக்கு மேல வேண்டாம்னு எழுதும்மா."

அம்மாவின் பேனா நின்றது. "மூணே மூணு நாளா? பத்து நாள் போட்டுப் பார்க்கலாமே ராஜா?"

"பத்து நாளா! உடம்பு பூரா டியூபைச் சொருகி வெச்சுடுவாங்கம்மா. அந்தச் சித்திரவதை எதுக்கு? நிம்மதியா போய்ச் சேர வேண்டாமா?"

போய்ச் சேருவதைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசும் பிள்ளை எத்தனை வீட்டில் இருக்கிறான்? மகனுக்கே தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அது லிவிங் வில் படிவம். கடைசிக் காலத்தில் என்ன வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வைப்பது. போன வாரம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு மகன் டிஸ்சார்ஜ் ஆன அன்று, டாக்டர் அதை அம்மா கையில்தான் கொடுத்தாராம். "வீட்டுல உட்கார்ந்து பேசி, நிரப்பிக் கொண்டு வாங்க" என்றாராம்.

எழுபத்தெட்டு வயதை ஒரே பார்வையில் எடை போட்டுவிட்டாரே, அவரல்லவா டாக்டர்! அம்மாவின் அறையில் டிரெட்மில்லை எந்தப் பக்கம் போடலாம் என்று மருமகள் நேற்றே டேப் வைத்து அளந்தாகிவிட்டது.

அம்மா வக்கீல் ஆபீசில் முப்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். சொன்னதை எழுதுவாள், எதிர்க்கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. இன்றைக்குத்தான் கட்டத்துக்குக் கட்டம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். இந்த வயதிலும் உயிர்மேல் இவ்வளவு ஆசையா என்று மகனுக்கு ஆச்சரியம்.

"இதயம் நின்னுட்டா நெஞ்சை அழுத்திப் பார்க்கலாமான்னு கேட்டிருக்கு."

"வேண்டாம். விலா எலும்பு நொறுங்கிடும்."

"நொறுங்கினா கட்டுப் போட்டுக்கலாம்ப்பா. உயிர் வந்தா போதாதா?"

"அடம் பிடிக்காம டிக் பண்ணும்மா."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிக் செய்தாள். "மூக்கு வழியா சாப்பாடு?"

"கூடவே கூடாது. அப்புறம் வருஷக்கணக்கா படுத்த படுக்கைதான். யாரு பார்த்துக்கறது?"

"நான் பார்த்துக்கறேன்."

மகனும் மருமகளும் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள். தன்னைத் தானே தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டிக்கொள்ளப் போகிறாளாக்கும்!

"எல்லாத்தையும் நிறுத்தலாம்னு கடைசியா முடிவு சொல்ல ஒரு ஆள் வேணுமாம்" என்றாள் அம்மா.

"என் பேரைப் போடுங்க அத்தை" என்று மருமகள் முந்திக்கொண்டாள். "நான்னா தடுமாற மாட்டேன்."

"ஆமாம்மா, அவளுக்குத்தான் கல்லு மனசு. டக்குனு சொல்லிடுவா" என்று மகனும் மனமார ஒத்துக்கொண்டான்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மருமகளின் பெயரைக் குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள். வேலை முடிந்தது. மகன் நிம்மதியாக, சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய இதய மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீரை எடுத்தான்.

எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவது ஆபீஸ் பழக்கம். அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

"நோயாளி, ஆண். வயது ஐம்பத்திரண்டு..."

மகனுக்குப் புரையேறியது. இருமி முடிக்க இரண்டு நிமிஷம் ஆனது. "யா... யாரும்மா அது?"

"உனக்குன்னுதானேப்பா டாக்டர் குடுத்தாரு!"

மகன் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்ததைக் கண்டதும்தான் அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவசர அவசரமாகப் பேனாவைத் திறந்தாள்.

"இப்பவாவது பத்து நாள்னு மாத்தட்டுமா ராஜா?"