இல்லாத ஏழு பத்து

ஏழு பத்து ஒரு புளுகர் என்பதைக் கண்டுபிடித்தவன் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

‘ஏழு பத்து’ என்பது இணையக் குழுவில் அவர் வைத்துக்கொண்ட பெயர். என் பெயர் அங்கே ‘சிவப்பு மை’. அச்சுப் பிழை திருத்துவது என் தொழில். அரசியலும் அந்த நிறம்தான். குழுவில் முன்னூறு பேர். ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது, ஆனாலும் எல்லோரும் எல்லோருக்கும் தோழர். கொள்கை ஒன்றே ஒன்று. தெருவுக்குத் தெரு பஸ் வரவேண்டும், ஆளுக்கொரு கார் என்கிற இந்தப் பைத்தியம் ஒழியவேண்டும்.

மற்றவர்கள் உலகப் பொருளாதாரம் பேசுவார்கள். இவர் மட்டும், தான் வருகிற காலை ஏழு பத்து பஸ்ஸைப் பற்றி எட்டரை மணிக்கு நாலு வரி எழுதுவார். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து அம்மா இன்று உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டார், காவலாளி புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார் என்று. கடைசியில், ‘டிக்கெட் என்று கொஞ்சமாவது இருந்தால்தான் பஸ்ஸுக்கு மரியாதை’ என்று எதையாவது கொளுத்திப் போடுவார்.

விடுவேனா? பஸ் இலவசமாகத்தான் ஓடவேண்டும் என்று நான் பிடித்துக்கொள்வேன். ஒரு மணி நேரம் சண்டை நடக்கும்.

என் வீட்டில் வேறு ஆள் இல்லை. வேலை மெயிலில் வரும், மெயிலிலேயே போகும். சில நாள் சாயங்காலம் பால் வாங்கக் கடைக்குப் போய் வாயைத் திறக்கும்போதுதான், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பதே தெரியும். அந்த எட்டரை மணிக்காகத்தான் அலாரம் வைத்து எழுந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் அவர் ஜன்னல் வழியே மழையைப் படம் எடுத்துப் போட்டார். எல்லோரும் மழையைப் பார்த்தார்கள். எனக்குத்தான் தொழில் புத்தியாச்சே. படத்தின் மூலையில், கார்க் கண்ணாடியை இறக்கச் சுழற்றுகிற கைப்பிடி தெரிந்தது. அவர் எழுதும் நிறுத்தங்களை வைத்துப் பழைய கால அட்டவணைகளைத் துழாவினேன். அந்தத் தடத்தில் ஏழு பத்து பஸ்ஸை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

கை பரபரத்தது. ‘தோழர்களே, இல்லாத பஸ்ஸில் ஒருவர் இரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறார்’ என்று ஆரம்பித்து, ஆதாரத்தோடு புட்டுப் புட்டு வைத்தேன். குழு கொதித்தது. போலி என்றார்கள், காரில் போகும் கம்யூனிஸ்ட் என்றார்கள். அவரைத் தனியாகக் கேட்டிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

‘ஆமாம், கார்தான். மன்னித்துவிடுங்கள் தோழர்களே’ என்று ஒரே வரி எழுதிவிட்டு அவர் குழுவிலிருந்து போய்விட்டார்.

எனக்கு ஏகப்பட்ட பாராட்டு. இரண்டு நாள் அதிலேயே போயிற்று. மூன்றாம் நாள் அலாரம் அடித்தது, எழுந்து உட்கார்ந்தேன், சண்டை போட ஆளில்லை. இலவச பஸ் பற்றி நானே எழுதிப் பார்த்தேன். ‘சரியாகச் சொன்னீர்கள் தோழர்’ என்று பதினேழு பேர் போட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது?

பத்து நாள் பொறுத்தேன். அப்புறம் அவர்மேல்தான் கோபம் வந்தது. அந்தச் சலவைக்கூடத்து அம்மாவும் கட்டுக்கதைதானா, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். இரண்டு பஸ் மாறி, மீதி தூரம் நடந்து, ஏழு மணிக்கு, அந்த அம்மா ஏறுவதாக அவர் எழுதும் நிறுத்தத்தில் போய் நின்றேன்.

சலவைக்கூடத்து நீலச் சட்டையில் ஓர் அம்மாவும், காவலாளி உடுப்பில் ஒருவரும் நின்றிருந்தார்கள்.

“எதுக்கும்மா நிக்கிறீங்க?”

“ஏழு பத்துக்கு.”

“அதை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சே.”

“ஆமா, அதனாலதான் அண்ணன் வராரு” என்றார் அந்த அம்மா.

சொல்லி வைத்தாற்போல் ஒரு பழைய கார் வந்து நின்றது. ஓட்டியவருக்கு அறுபது வயதிருக்கும். பஸ் நின்ற மறு வாரத்திலிருந்து அதே நேரம், அதே நிறுத்தம், பைசா வாங்குவதில்லை என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா பின்னால் ஏறிக்கொண்டார். காவலாளியும் ஏறினார். “நீங்களும் வாங்க சார், இடம் இருக்கு” என்று ஓட்டியவர் எனக்கு முன்கதவைத் திறந்துவிட்டார். கார் ஒழியவேண்டும் என்று எழுதிக் கிழித்தவன், ஏறி உட்கார்ந்தேன். அவமானமாக இருந்தது.

இப்போதெல்லாம் எங்களைப் பற்றி எழுதுவதில்லையா என்று அந்த அம்மா ஓட்டியவரிடம் கேட்டார். அந்தக் குழுவை விட்டு வந்துவிட்டேன், கார் என்று ஒருவர் கண்டுபிடித்துவிட்டார் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

“எதுக்கு ஓட்டுறீங்கன்னு அங்கயே சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“சொன்னா, தம்பட்டம் அடிச்ச மாதிரி ஆயிடும் சார். எல்லாரும் பஸ் கேக்குற இடத்துல போய் என் காரோட பெருமையைப் பேசலாமா? அவர் கேட்டது நியாயம்தான்.”

“அவர்மேல கோபமே வரலையா?”

“சிவப்பு மை மேலயா? ஒருநாள் காய்ச்சல்னு நான் எழுதலை. எட்டு தடவை ‘இருக்கீங்களா’ன்னு கேட்டிருந்தாரு. தனிக்கட்டை போல. டிக்கெட் வேணும்னு ஒரு வரி எழுதினா போதும், ஒரு மணி நேரம் என்னோட மல்லுக்கு நிப்பாரு.”

“நிஜமாவே டிக்கெட் வேணும்னு நினைக்கிறீங்களா?”

“நீங்க வேற. பஸ் இலவசமா ஓடணும்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா ஒத்துக்கிட்டா பேச்சு முடிஞ்சிடுமே சார், அப்புறம் அந்த மனுஷன் யாரோட பேசுவாரு?”